மிலிட்டரி கேட்ட சாப்பாடு

போன வாரம் திருச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து நாற்காலியில் ஒரு சென்னைக்காரர். இலை போடும் வரை சும்மா இருக்க முடியாத ரகம். "எந்த ஊருங்க?" என்றார். "பெரம்பலூர்" என்றேன்.

"ஓ... பஸ்ல போறப்ப பார்த்திருக்கேன். அங்க என்னங்க இருக்கு?"

என்ன கேள்வி இது? சென்னைக்கும் திருச்சிக்கும் போய் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்பது தூக்கம் கலைந்து எட்டிப் பார்க்கிற ஒரு டீக்கடை. அவ்வளவுதான். எங்களை மாவட்டம் ஆக்கினார்கள், அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், மறுபடியும் எங்களோடு சேர்த்தார்கள்... இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்து அவர் என்ன செய்யப் போகிறார்!

ரஞ்சன்குடியில் கோட்டை இருக்கிறது, வாலிகண்டபுரத்தில் பழைய சிவன் கோயில் இருக்கிறது என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. மனிதர் என்னை மறந்துவிட்டார்.

நான் மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் முழு நேரமும் அந்த ஆளோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? இந்த வாரம் பதில் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுதுவது எனக்கு மீதி நேரத் தொழில். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறேன், செல்போன் வந்து என் பிழைப்பில் மண்ணைப் போடும் வரை வைத்திருப்பேன். பக்கத்தில் ராஜாமணி அக்காவின் தையல் கடை. நாங்கள் இருவரும் தெருவில் இன்னும் சில பெண்களும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் ஸ்டாண்டில் தங்கியிருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் போக முடியாதவர்கள், எந்த ஊர் என்றே சொல்லத் தெரியாதவர்கள்... எல்லோரும்தான். புளிசாதமோ தயிர்சாதமோ, ஊறுகாய், ஒரு வாழைப்பழம். எங்களுக்கு டிரஸ்டும் கிடையாது, பேனரும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'பொட்டலக்காரம்மா'. டாக்டர் பட்டம் மாதிரி அதைச் சுமந்துகொண்டு திரிகிறோம்.

போன மழைக்காலத்தில் அங்கே புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார்.

உயரமான ஆள். நரைத்த தாடி. வலது கை மடங்கித் தொங்கியது, வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். அழுக்கு ஏறிய சட்டை. ஆனால் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். சைக்கிள் ஸ்டாண்ட் சுவரோரம் இடம் பிடித்துக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"பெரியவரே, பேரு என்னங்க?"

"மிலிட்டரி."

"எந்த ஊருங்க?"

"மிலிட்டரி."

"சரி... இது போதுங்களா? வேற எதாச்சும் வேணுங்களா?"

"மிலிட்டரி!" இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக.

எனக்குப் பின்னால் நின்ற ராஜாமணி அக்கா சிரித்துவிட்டார். "கேட்டியா வசந்தா கதைய! நம்ம புளிசாதம் அய்யாவுக்கு எறங்கலியாம். மிலிட்டரி ஓட்டல் சாப்பாடு கேக்குறாரு!"

எங்கள் பக்கத்தில் கறிசோறு போடுகிற ஓட்டல் என்றால் மிலிட்டரி ஓட்டல்தானே? பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே கரீம் பாயின் மிலிட்டரி ஓட்டல் ஒன்று இருக்கிறது. அந்த ஆளும் அடிக்கடி அந்த ஓட்டல் போர்டுக்குக் கீழேதான் போய் நிற்பார். இடது கையைத் தூக்கிப் போர்டைக் காட்டுவார். அந்த ஒரே வார்த்தையைச் சொல்வார். வேறு என்ன நினைப்பது, சொல்லுங்கள்?

ராஜாமணி அக்காவுக்கு வாய்தான் நீளம். மனசு அதைவிட நீளம். அடுத்த ஞாயிறு எங்கள் பொட்டலங்களோடு தனியாக ஒரு தூக்குச்சட்டியும் வந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு! "பாவம், நாக்கு செத்துப் போயிருக்கும். இந்தாங்க மிலிட்டரி, வயிறாரச் சாப்பிடுங்க."

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

இங்கேதான் நம் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மிடம் யாராவது 'வேண்டாம்' என்றால் நம் காதில் அது எப்படி விழும்? 'கூச்சமா இருக்கு, இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்க' என்றுதான் விழும். விருந்தாளி இலையை மூடினாலும், கையை நகர்த்திவிட்டு ஒரு கரண்டி போடுகிற வம்சம் நாம்.

"கூச்சப்படாதீங்க! நம்ம வூடு மாதிரி நெனச்சுக்குங்க!" என்று அக்கா குழம்பை ஊற்றிவிட்டார்.

அவர் பக்கத்தில் இருந்தவரின் தயிர்சாதத்தைக் கைகாட்டினார். "அதெல்லாம் அவருக்கு. உங்களுக்கு ஸ்பெஷல்!" என்றேன் நான். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

செய்தி பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊரில் பரவாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கரீம் பாய் தினமும் மத்தியானம் ஒரு தட்டு பிரியாணி கொடுத்தார். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் முறை வைத்துக்கொண்டு ராத்திரிக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தார்கள். டீக்கடையில் முட்டை போண்டா. ஒரு ஊரே ஒரு மனிதரின் நாக்குக்கு ருசியாகப் போட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கியது.

அந்த மனிதர் இளைத்துக்கொண்டே போனார்.

ஆமாம், இளைத்தார். கன்னம் ஒட்டியது. கண் உள்ளே போனது. சைக்கிள் ஸ்டாண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்க முடிந்தது. "இவ்வளவு கறி தின்னும் ஒட்டலியே, உள்ளுக்குள்ள ஏதோ பெரிய வியாதிங்க" என்று ஆட்டோக்காரர்கள் பயந்தார்கள். இந்த மழை தாண்டுவாரா என்று டீக்கடையில் வெளிப்படையாகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று கையைப் பிடித்தால், உதறிவிட்டு ஓட்டல் போர்டைக் காட்டினார்.

பஸ் ஸ்டாண்டு நாய்கள் மட்டும் கொழுகொழுவென்று ஆகியிருந்தன. யாராவது அதைக் கவனித்தோமா?

கவனித்தவர் கரீம் பாய்தான். ஒருநாள் பூத்துக்கு வந்தார்.

"ஏம்மா வசந்தா, அந்த மிலிட்டரி பெரியவரு நம்ம பிரியாணிய ஒரு நாளும் தின்னதில்லம்மா. இன்னிக்கு ஒளிஞ்சிருந்து பார்த்தேன். தட்ட அப்படியே நாய்ங்களுக்கு வெச்சுட்டு, அந்தப் பழக்கடை அம்மா தர்ற வாழைப்பழத்த மட்டும் தின்றாரு. கறி வேணாம்னா எதுக்கும்மா தெனம் வந்து என் போர்டைக் காட்டுறாரு?"

வேண்டாததை ஒருவர் எதற்காகத் தினமும் வந்து கேட்க வேண்டும்?

விடை இரண்டொரு நாளில் ஏணி மேல் ஏறி வந்தது.

ரம்ஜானுக்கு முன்னால் பாய் போர்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தார். பெயின்டர் பழைய எழுத்தையெல்லாம் வெள்ளை அடித்து மறைத்துவிட்டு, சிவப்பில் 'மிலிட்டரி' என்று கொட்டை எழுத்தில் எழுதி முடித்திருந்தார். அடுத்த வார்த்தை எழுதுவதற்குள் டீ ஞாபகம் வந்து இறங்கிப் போய்விட்டார். முற்பகல் நேரம். நான் சில்லறை மாற்ற பாய் கடைக்குப் போயிருந்தேன்.

பெரியவர் வந்தார். போர்டுக்குக் கீழே நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

வழக்கம் போல இடது கையைத் தூக்கினார். போர்டைக் காட்டினார். அந்தக் கையை இறக்கித் தன் மார்பில் வைத்தார். "மிலிட்டரி." மறுபடி போர்டு. மறுபடி மார்பு. "மிலிட்டரி." பழக்க தோஷத்தில் அன்றைக்கும் தட்டில் பிரியாணியோடு வெளியே வந்த கரீம் பாய், "வந்துட்டேன், வந்துட்டேன்..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாய் போர்டைப் பார்த்தார். வெள்ளைப் பலகை நடுவே தனியாக ஒரே ஒரு வார்த்தை. கீழே, அதைக் காட்டித் தன் மார்பைத் தட்டிக்கொண்டு ஒரு மனிதர்.

"யா அல்லா! ஏம்மா... அவரு கேக்கலம்மா. சொல்றாரும்மா!"

அவர் எங்களிடம் ஒரு நாளும் கறி கேட்டதே இல்லை. பேர் என்ன என்று கேட்டதற்கு, நீங்கள் யார் என்று கேட்டதற்கு, மழைக்காலம் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள்தான் அந்தப் பதிலில் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

"அய்யா... நீங்க மிலிட்டரியில இருந்தீங்களா?" என்றேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாய் ஒரு பக்கமாகக் கோணித்தான் சிரிக்க முடிந்தது. ஆனாலும் அப்படி ஒரு சிரிப்பு! கண்ணீர் தாடியில் இறங்கியது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தவே இல்லை.

பாய் கையிலிருந்த தட்டைக் காட்டி, "அப்ப இது வேணாங்களா?" என்றார். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டினார். இந்தத் தடவை யாரும் 'கூச்சப்படாதீங்க' என்று சொல்லவில்லை. எதிரே இருந்த சைவ மெஸ்ஸிலிருந்து தயிர்சாதம் வந்தது. அவர் சாப்பிட்டார். தலை நிமிராமல், ஒரு பருக்கை விடாமல், திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். ராஜாமணி அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "என் குழம்பத் தின்னு மனுசன் பட்டினி கெடந்திருக்காரே" என்று புலம்பினார். அவர் தின்னவே இல்லை அக்கா, அதுதானே விஷயம் என்று எடுத்துச் சொல்லி என்ன பிரயோஜனம்?

அதற்கப்புறம் நடந்ததுதான் எங்கள் ஊர்.

ஆஸ்பத்திரிக்கு இப்போது தானே நடந்து வந்தார். டாக்டர் சொன்னார்: "பக்கவாதத்துல பேச்சு போயிருக்கும்மா. சில பேருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மட்டும் நின்னுடும். எது கேட்டாலும் அதுதான் வரும். ஆனா நாம பேசறது அவருக்கு நல்லாப் புரியும்."

யோசித்துப் பார்த்தேன். இவரிடம் மனைவி பெயர், தன் சொந்தப் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் போய், இந்த ஒரு வார்த்தை தங்கியிருக்கிறது. எனக்கு ஒரே ஒரு வார்த்தை மிஞ்சும் என்றால் எது மிஞ்சும்? 'ஹலோ'தான் மிஞ்சும். வேறென்ன!

பூலாம்பாடியில் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் இருக்கிறார், பெயர் செல்லமுத்து. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் போய் அவரை அழைத்து வந்தார். செல்லமுத்து சார் பெரியவர் முன்னால் வந்து நின்று, ஹிந்தியில் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் சுவரை விட்டுவிட்டார். ஒரு காலில் பலம் இல்லாமலேயே நிமிர்ந்து நின்றார் பாருங்கள்... பஸ் ஏற ஓடிய ஜனம்கூட நின்று பார்த்தது.

"அசல் சிப்பாய்ங்க. நான் கேரண்டி" என்றார் செல்லமுத்து சார்.

எந்த ஊர் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு எங்கள் பஸ் ஸ்டாண்டை விட்டால் வேறு நல்ல இடம் உண்டா? புறப்படுகிற ஒவ்வொரு வண்டியின் கண்டக்டரும் அவர் முன்னால் வந்து நின்று தன் ரூட்டைச் சொல்லிவிட்டுத்தான் விசில் ஊதினார். "எசனை, வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம், ஆத்தூர்..." தலை அசையவில்லை. "அரியலூர்..." ஊஹும். "துறையூர்..." ஊஹும். டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த ஜனங்களே, "இருய்யா, பெரியவருக்கு ஊர் தெரிய வேணாமா?" என்று டிரைவரை அதட்டினார்கள். நேரத்துக்கு வண்டி எடுக்கவில்லை என்று தினமும் சண்டை போடுகிற அதே ஜனம்!

"வாலிகண்டபுரம், மங்கலமேடு, தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம்..."

இடது கை சடாரென்று மேலே போனது. பஸ் ஸ்டாண்டே கைதட்டியது.

பெண்ணாடத்துப் பக்கத்துக் கிராமங்களின் பெயர்களை அதே கண்டக்டர் அடுக்கினார். அதில் ஒன்றுக்கும் கை உயர்ந்தது. என் பூத்திலிருந்து அந்தக் கிராமத்து மளிகைக்கடைக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவருடைய அக்கா மகள் வந்து இறங்கினார். "மாமா..." என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் எங்கள் எல்லோருக்கும் கண் நிறைந்துவிட்டது.

பெயர் பெருமாள். பட்டாளத்தில் நாயக் ரேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். பிள்ளைகள் இல்லை. மனைவி போன பிறகு தனியாக இருந்திருக்கிறார். மழையில் வீடு விழுந்து, யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று எங்கேயோ கிளம்பியவருக்கு வழியில் பக்கவாதம் வந்திருக்கிறது.

"எங்க குடும்பமே வடலூர் பக்தருங்க" என்றார் அந்தப் பெண். "மாமா கறிய மோந்துகூடப் பாக்க மாட்டாரு. பட்டாளத்துலயே அவருக்குத் தனியா பருப்புதான்."

நானும் கரீம் பாயும் ராஜாமணி அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

பெருமாள் அய்யா தன் அக்கா மகளோடு ஊருக்குப் போனார். சில வாரங்களில் இருவருமாகத் திரும்பி வந்து இறங்கினார்கள். "ஒரே ரூமு வூடுங்க. நாங்க எப்படியும் சமாளிப்போம். மாமாதான் எந்நேரமும் இந்தப் பக்கமே கையக் காட்டிக்கிட்டு இருக்காரு, என்ன பண்ணுறது?" என்றார் அந்தப் பெண்.

உடனே ஆரம்பித்தது சண்டை. "என் ஓட்டல் மாடியில ரூமு சும்மாத்தானே கெடக்கு, அங்க இருக்கட்டும்" என்றார் பாய். "கறி வாடையில மனுசன் எப்படிப் படுப்பாரு? என் கடைக்குப் பின்னாடி ரூமு இருக்கு" என்றார் அக்கா. "ஃபேன் இல்லாத ரூமு!" "ஃபேன் நாளைக்கே மாட்டுவேன்!" ஒரு மனிதரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள இரண்டு பேர் நடுரோட்டில் சண்டை போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதுவும் எங்கள் ஊரில்.

கடைசியில் செல்லமுத்து சார்தான், "அவரையே கேளுங்களேன்" என்றார். அட, ஆமாம்! பெருமாள் அய்யா தையல் கடையைக் காட்டினார். அக்கா தேர்தலில் ஜெயித்த மாதிரி பாயைப் பார்த்தார். பென்ஷன் சமாச்சாரத்தையெல்லாம் செல்லமுத்து சார் அலைந்து சரிசெய்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்களோடு பெருமாள் அய்யாவும் வருகிறார். வரிசையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். இப்போதெல்லாம் முட்டை வைத்த பொட்டலமும் சேர்த்துக் கட்டுகிறோம்.

இந்த ஞாயிறு புதிதாக ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ஒரு துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். யார் கிட்டே போனாலும் சுருங்கினாள். ராஜாமணி அக்கா, "வெக்கப்படாத தாயி, சாப்பிடு" என்று பொட்டலத்தைப் பிரித்து நீட்டப் போனார். பெருமாள் அய்யா இடது கையை நீட்டி அக்காவை நிறுத்தினார்.

புளிசாதம் ஒன்று, முட்டை வைத்தது ஒன்று. இரண்டு பொட்டலத்தையும் அவள் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். காத்திருந்தார்.

அவள் இரண்டையும் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகக் கையைத் தூக்கி, பஸ் ஸ்டாண்டு மூலையில் இருக்கும் பெண்கள் குளியலறையைக் காட்டினாள். உடனே பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

எங்கள் யாருக்காவது தோன்றியதா? பையை நம்பி வைத்துவிட்டுப் போக ஆள் இல்லாமல், எத்தனை நாளாக ஒரு பெண்பிள்ளை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளோ! பெருமாள் அய்யா பெஞ்சைத் தட்டிக் காட்டினார். பையை அங்கே வைக்கச் சொல்லி. அதன் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றார். "மிலிட்டரி" என்றார்.

அவளுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. ஆனாலும் பையை வைத்தாள். அக்கா கொடுத்த சோப்பையும் பழைய சேலையையும் வாங்கிக்கொண்டு போனாள். அவள் திரும்பி வரும் வரை அவர் அந்தப் பையை விட்டு நகரவில்லை. எனக்கு அப்போது வந்த பெருமையை வைக்க பஸ் ஸ்டாண்டில் இடம் போதவில்லை.

ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாப்பிட்டாள்.

இரண்டையும்!